சிவப்பு முகச் சாமியும் நமது நளகூபரனும்

உங்கள் தோட்டத்துக்கு வெளியே, பெரிய சாலை முச்சந்தியில் இருக்கும் சீனர் கடையை ஒரு நிமிடம் மனக்கண் முன் கொண்டுவாருங்கள். அரிசி மூட்டை எந்த மூலையில் இருக்கும், நெத்திலிக் கருவாடு எந்தத் தகரத்தில் இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவீர்கள். கடன் சாமான் எழுதும் நீட்டுப் புத்தகத்தில் உங்கள் பாட்டனார் பெயர்கூட இருந்திருக்கும். சரி, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு எரியும் மாடத்தில், நீண்ட தாடியும் சிவந்த முகமுமாய், கையில் பெரிய வாளேந்தி நிற்கிறதே, அந்தச் சாமியின் பெயர் என்ன?

தெரியாதல்லவா? வெட்கப்பட வேண்டாம். நாற்பது வயதைத் தாண்டிய ஆசிரியையான எனக்கும் போன ஆண்டுவரை தெரியாது. ராசா பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். சிக்கிஞ்சான் வயல்வெளியையும் பாசிர் பெனாம்பாங் மீன்படகுகளையும் பார்த்துப் பழகிய கண்கள். சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கித் தின்றிருக்கிறேன், அங்பாவ் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெருநாளுக்குப் பின்னால் என்ன கதை இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்க வைத்தவன் ஐந்தாம் ஆண்டு படித்த ஒரு மாணவன்.

சீனர்களின் ஏழாம் மாதம் நம்முடைய ஆடிக் கடைசியிலோ ஆவணியிலோ வரும். அந்த மாதத்தில் சாலையோரப் புல்தரையில் ஊதுபத்திகளை நட்டு, பழமும் சோறும் வைத்து, காகிதப் பணத்தை எரித்திருப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பள்ளி விட்டு வந்த இந்தப் பையன் அங்கிருந்த ஆரஞ்சுப் பழங்கள் மூன்றை எடுத்துத் தின்றுவிட்டு, ஊதுபத்திகளைக் காலால் எத்திவிட்டுப் போயிருக்கிறான். அன்றிரவு அவனுக்குக் காய்ச்சல். மறுநாள் தோட்டம் முழுக்க ஒரே பேச்சு: "சீனப் பேய் பிடிச்சிருச்சு!" பாட்டி பூசாரியிடம் ஓடிக் கயிறு கட்டினார். இரண்டு நாள் கழித்து அவன் வகுப்புக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார ஒருவரும் தயாராக இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிள்ளைகளின் பயத்தைப் போக்குவதாக எண்ணிக்கொண்டு, "பேய்க்குச் சோறு வைப்பதெல்லாம் அறியாமை" என்று சொல்லிவிட்டேன். பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள். "டீச்சர், ஆடி அமாவாசைக்கு நாங்களும் தாத்தாவுக்குச் சோறு வைக்கிறோமே, அதுவும் அறியாமையா?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று.

மாலையில் பையனின் அம்மாவையும் அழைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்க அந்தக் கடைக்குப் போனேன். படையலை வைத்தவர் கடைக்காரப் பெரியவர்தான். எழுபது வயதைக் கடந்தவர். தோட்டத்து மக்களுக்கு அரிசி நிறுத்துப் போட்டே தமிழ் கற்றுக்கொண்டவர். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார்.

"பழம் தின்னா தப்பு இல்ல டீச்சர். பசிச்சவன் திங்கத்தானே வச்சது. காய்ச்சல் மழையில நனைஞ்சதால வந்திருக்கும். ஆனா ஊதுபத்திய எத்தினான் பாரு, அது சரியில்ல. எங்க அப்பா அம்மாவுக்கு வீட்டுக்குள்ள வைப்போம். ரோட்டுல வைக்கிறது யாரும் இல்லாதவங்களுக்கு."

"யாரும் இல்லாதவங்கன்னா, தவுக்கே?"

"சோறு வைக்கப் பிள்ளை இல்லாம செத்தவன். கப்பல்ல தனியா வந்து இங்கேயே செத்தவன். எங்க அப்பா வைக்கும்போது சொல்லுவாரு, சயாம் ரயில் ரோட்டுக்குப் போய்த் திரும்பி வராத தோட்டத்து ஆளுங்களுக்கும் சேர்த்துத்தான்னு."

பையனின் அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். 1942-க்கும் 1943-க்கும் இடையில் ஜப்பானியர் போட்ட அந்த ரயில் பாதைக்கு நம் தோட்டங்களிலிருந்து போனவர்கள் எத்தனை பேர், திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதை நம் வீடுகளில் சொல்லிக் கேட்டவர்கள் நாம். அவர்களுக்கு ஒரு சீனர் சாலையோரத்தில் பழம் வைத்தார் என்பது எனக்குப் புதிய செய்தி.

அன்று தொடங்கியதுதான் இந்தத் தேடல். பெரியவரிடம் கேட்டும், நூல்களைப் புரட்டியும் தெரிந்துகொண்டவற்றில் சிலவற்றை உங்களுக்குச் சொல்கிறேன். சீனக் கதைகள் கடல்போன்றவை. நான் கைந்நிறைய அள்ளியதைத்தான் இங்கே தர முடியும்.

பசித்த தாய்

ஏழாம் மாதப் படையலுக்குப் பின்னால் இருப்பது ஒரு மகனின் கதை. மகன் பெயர் முலியன். இது சீனப் பெயர்போல் ஒலித்தாலும் ஆள் நம் பக்கத்தவர்தான். புத்தர் பெருமானின் தலையாய மாணாக்கர் இருவருள் ஒருவரான மௌத்கல்யாயனரைச் சீனர் தம் நாவுக்கு ஏற்ப முலியன் ஆக்கிக்கொண்டனர்.

ஞானம் பெற்ற முலியன், இறந்துபோன தம் தாய் எங்கே இருக்கிறாள் என்று அகக்கண்ணால் தேடுகிறார். தாய் பசித்த பேயாகக் கிடக்கிறாள். எலும்பும் தோலுமான உடம்பு. பசித்த பேய்களுக்கு வயிறு பானைபோல, தொண்டை ஊசித்துளைபோல என்பார்கள். பதறிப்போய் ஒரு கிண்ணம் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறார். மற்ற பேய்கள் பிடுங்கிவிடுமோ என்ற பயத்தில் அவள் இடது கையால் கிண்ணத்தை மூடிக்கொண்டு, வலது கையால் அள்ளி வாய்க்குக் கொண்டுபோகிறாள். வாயை எட்டுமுன் சோறு நெருப்புத் துண்டாக மாறிவிடுகிறது. முலியன் அழுதுகொண்டே புத்தரிடம் ஓடுகிறார். "உன் ஒருவன் ஆற்றல் போதாது. ஏழாம் மாதம் 15-ஆம் நாள், மழைக்காலத் தவம் முடித்து வரும் துறவியர் அனைவருக்கும் உணவளி. எல்லாருடைய அருளும் சேர்ந்தால்தான் அவள் மீள்வாள்" என்கிறார் புத்தர். அப்படியே செய்து தாயை மீட்டார் மகன்.

இடது கையால் கிண்ணத்தை மூடிக்கொண்டாள் என்ற இடத்தைக் கவனித்தீர்களா? அந்தக் கை விலகாதவரை சோறு சோறாக இருக்கப்போவதில்லை. தன் தாயை மட்டும் நினைத்துச் சோறு கொண்டுபோன மகனுக்கும் அதே பாடம்தான். எனவேதான் இன்றும் வீட்டுப் பெரியோருக்கு உள்ளே வைத்தபின், ஊர்பேர் தெரியாதவர்களுக்குச் சாலையிலும் வைக்கிறார்கள்.

தமிழிலும் இதற்கு ஓர் உறவுக் கதை உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகையை நினைத்துப் பாருங்கள். முனிவர் சாபத்தால் யானைத்தீ என்னும் அடங்காப் பசிநோய் பிடித்து 12 ஆண்டுகள் அலைந்தவள். அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவால்தான் அவள் பசி தீர்ந்தது. மணிமேகலையும் பௌத்தக் காப்பியமே. ஒரு மரத்து விதைகள் இரண்டு திசையில் முளைத்திருக்கின்றன.

அந்த மாதத்தில் பட்டணத்துச் சந்தை ஓரங்களில் மேடை போட்டுக் கூத்தும் பாட்டும் நடக்குமே, முன் வரிசை நாற்காலிகள் காலியாகவே கிடக்கும். அவை பேய் விருந்தினருக்கு உரியவை. சிறுமியாக இருந்தபோது, காலியாக இருக்கிறதே என்று நான் ஓடிப்போய் முன் வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு சீனக் கிழவி என் காதைப் பிடித்து எழுப்பிவிட்டார். ஏன் என்று அறிய எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது!

கடன் புத்தகத்துக்குக் காவல்

இப்போது அந்தச் சிவப்பு முகச் சாமிக்கு வருவோம். அவர் பெயர் குவான் யூ. மக்கள் மரியாதையாகக் குவான் கோங் என்பார்கள். பிறக்கும்போதே தெய்வமாய்ப் பிறந்தவர் அல்லர். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் உண்மையில் வாழ்ந்த போர்வீரர், கி.பி. 220-இல் எதிரிகளால் கொல்லப்பட்டார். நம் மதுரை வீரனைப் போல, வாழ்ந்த மனிதரை மக்கள் தெய்வமாக்கிக்கொண்டனர்.

அவருடைய கதையை விரிவாகச் சொல்வது 14-ஆம் நூற்றாண்டில் தோன்றிய 'மூன்று அரசுகளின் கதை' என்னும் பெருநூல். நமக்குப் பாரதம் எப்படியோ, சீனர்களுக்கு அது அப்படி. நாடு உடைந்து சிதறும் காலத்தில் மூன்று பேர் சந்திக்கிறார்கள். லியூ பெய் அரச குலத்தில் பிறந்தும் பாய் முடைந்து விற்றுப் பிழைப்பவர். சாங் ஃபெய் இறைச்சியும் மதுவும் விற்பவர். குவான் யூ, கொடியவன் ஒருவனைக் கொன்றுவிட்டு ஊர் ஊராய் ஒளிந்து திரிபவர். பூத்துக் குலுங்கும் பீச் மரத் தோப்பில் மூவரும், "ஒரே நாளில் பிறக்கவில்லை, ஒரே நாளில் சாவோம்" என்று அண்ணன் தம்பிகளாக உறுதி எடுத்துக்கொள்கிறார்கள்.

பின்னர் ஒரு தோல்வியில் மூவரும் பிரிந்துவிட, குவான் யூ எதிரித் தலைவன் ட்சாவ் ட்சாவிடம் சிக்கிக்கொள்கிறார். அவனோ இவருடைய வீரத்தில் மயங்கியவன். இவரைத் தன் பக்கம் இழுக்க என்னென்னவோ செய்கிறான். மூன்று நாளுக்கொரு சிறு விருந்து, ஐந்து நாளுக்கொரு பெருவிருந்து, பொன், பட்டம், பணிப்பெண்கள். குவான் யூவின் அங்கி கிழிந்திருப்பதைப் பார்த்துப் புதிய பட்டங்கி கொடுக்கிறான். அவர் அதை உள்ளே உடுத்திக்கொண்டு, பழைய அங்கியை மேலே போட்டுக்கொள்கிறார். "அவ்வளவு சிக்கனமா?" என்று கேட்கிறான் ட்சாவ் ட்சாவ். "பழையது என் அண்ணன் கொடுத்தது. அதை மேலே போட்டால் அண்ணன் முகத்தைப் பார்ப்பதுபோல் இருக்கிறது" என்கிறார்.

கடைசியில் ஒரு நாளில் ஆயிரம் லீ ஓடும் என்று பெயர்பெற்ற செங்குதிரையைத் தருகிறான். எதற்கும் வணங்காதவர் அப்போது மட்டும் விழுந்து வணங்குகிறார். "பொன்னுக்கு வணங்காதவர் ஒரு குதிரைக்கா வணங்குகிறீர்?" "அண்ணன் இருக்குமிடம் தெரிந்தால் இந்தக் குதிரையில் ஒரே நாளில் போய்விடலாமே!" கொடுத்தவன் முகம் எப்படிப் போயிருக்கும், நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அண்ணன் இருக்குமிடம் தெரிகிறது. அதற்குமுன் ட்சாவ் ட்சாவுக்காக ஒரு போரில் இறங்கி, அவனை மிரட்டிய தளபதியை வெட்டி வீழ்த்தியிருந்தார் குவான் யூ. வாங்கிய பொன்னையெல்லாம் முத்திரையிட்டுப் பண்டசாலையில் வைத்துப் பூட்டி, பட்டத்தின் முத்திரையைக் கூடத்து விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டு, விடைபெறும் கடிதம் ஒன்றை எழுதிவிட்டுப் புறப்பட்டார்.

நமக்கு உடனே கர்ணன் நினைவுக்கு வருவான். செஞ்சோற்றுக் கடனுக்காக, தம்பிகள் என்று தெரிந்தும் எதிர்த்து நின்று மாண்டவன். குவான் யூ வேறு வழி கண்டார். சோறு போட்டவனின் கடனை ஒரு போரில் கணக்குத் தீர்த்தார். அண்ணனுக்குக் கொடுத்த வாக்கைக் குதிரையேறிப் போய்க் காப்பாற்றினார். யார் பெரியவர் என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். கர்ணனுக்காக அழுத கண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடையில் நிற்க வைக்க ஏற்ற தெய்வம் குவான் கோங்தான்! கணக்குப் புத்தகம் எழுதும் முறையையே அவர்தான் வகுத்தார் என்று சீன வணிகர்கள் சொல்வதுண்டு. கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் அவர் பார்வையில்தான் புத்தகத்தைத் திறக்கிறார்கள். முகம் சிவந்திருப்பது கோபத்தால் அல்ல. சீனக் கூத்தில் சிவப்பு முகம் என்றால் விசுவாசம், வெள்ளை முகம் என்றால் வஞ்சகம். வேடிக்கை என்னவென்றால், ஹாங்காங்கில் காவல் நிலையங்களிலும் இவரை வைத்துக் கும்பிடுகிறார்கள். அவர்கள் பிடிக்கப் போகும் குண்டர் கும்பல்களும் இவரைத்தான் கும்பிடுகின்றன.

வானமும் அடுப்படியும்

உலகம் எப்படிப் பிறந்தது என்பதற்கும் சீனர்களிடம் கதை உண்டு. ஆதியில் எல்லாம் ஒரு முட்டை. அதற்குள் பான்கு என்னும் பேருருவன் 18,000 ஆண்டுகள் வளர்ந்தான். அவன் முட்டையை உடைத்து வானை மேலே தள்ளினான்; இறந்தபோது அவன் மூச்சு காற்றாகவும், கண்கள் ஞாயிறும் திங்களுமாகவும், இரத்தம் ஆறுகளாகவும் ஆயின. பிறகு நூவா என்னும் தெய்வத்தாய் மஞ்சள் மண்ணைப் பிசைந்து மனிதரைச் செய்தாள். வானம் ஓட்டை விழுந்தபோது ஐந்து நிறக் கற்களை உருக்கி அடைத்தவளும் அவளே. டிராகன் என்னும் நாகமோ மேலைநாட்டுக் கதைகளில் வருவதுபோல் தீ கக்கும் கொடிய விலங்கு அன்று. கடலையும் மழையையும் ஆளும் அரசர்கள் அவர்கள். மழைக்கு அவர்களிடம்தான் விண்ணப்பம்.

எட்டாம் மாதப் பௌர்ணமியில் பிள்ளைகள் விளக்கேந்திப் போவதும், நிலாப் பணியாரம் உண்பதும் சாங்அ என்னும் பெண்ணை எண்ணி. வானில் பத்துச் சூரியர் ஒன்றாய்க் கிளம்பி உலகைச் சுட்டபோது ஒன்பதை அம்பெய்து வீழ்த்தினான் ஹோயி என்னும் வில்லாளி. அவனுக்குப் பரிசாகக் கிடைத்த சாகா மருந்தை அவன் மனைவி சாங்அ குடித்துவிட்டு நிலவுக்குப் பறந்துபோனாள். திருடிக் குடித்தாள் என்று ஒரு கதை. தீயவன் கைக்குப் போகாமல் காப்பாற்றக் குடித்தாள் என்று மற்றொரு கதை. பெண்ணாகிய எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது! நிலவில் அவளுக்குத் துணை ஒரு முயல். நம் பாட்டிமாரும் நிலவில் முயலைத்தானே காட்டினார்கள்? சீனா 2013-இல் நிலவில் இறக்கிய கலத்துக்குச் சாங்அ என்றும், அது சுமந்து சென்ற ஊர்திக்குப் பச்சைமணி முயல் என்றும்தான் பெயர் வைத்தார்கள்.

என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்தது அடுப்படிச் சாமி கதை. இவர் ஆண்டு முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டில் நடப்பதையெல்லாம் கவனிப்பார். யார் யாரைத் திட்டினார்கள், யார் சோற்றை வீணாக்கினார்கள் என்று அனைத்தும் கணக்கில் ஏறும். புத்தாண்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மேலுலகம் போய்ப் பச்சைமணிப் பேரரசரிடம் அறிக்கை கொடுப்பார். எனவே புறப்படுமுன் அவருக்குப் பிசுபிசுவென்று ஒட்டும் இனிப்பைப் படைத்துவிடுகிறார்கள். ஒன்று, இனிப்பாகப் பேசுவார். இல்லையென்றால் வாய் ஒட்டிக்கொண்டு பேசவே முடியாது! சீனப் பெருநாளுக்கு உங்கள் வீட்டுக்கும் வருமே பழுப்பு நிறக் கூவே பக்குல், அதுதான் அந்த இனிப்பு. தெய்வத்தையே கையூட்டுக் கொடுத்துச் சரிக்கட்டும் இந்தக் குறும்பு நமக்குப் புதிதல்ல. முனியாண்டிக்குச் சுருட்டு வைத்துக் காரியம் கேட்பவர்கள்தாமே நாம்.

பொதிகையிலிருந்து ஒரு தெய்வம்

முலியன் நம் பக்கத்திலிருந்து போனவர் என்றேன். அவர் மட்டுமல்லர்.

வெள்ளை உடையில், கையில் சிறு நீர்க்குடமும் கிளையும் ஏந்திச் சாந்தமாய் நிற்கும் குவான் இன் அம்மனைப் பார்க்காதவர் இருக்க முடியாது. சீனப் பெண்கள் பிள்ளை வரம் கேட்பதும் துன்பத்தில் கூப்பிடுவதும் இவளைத்தான். இந்தத் தெய்வம் முதலில் ஆண் வடிவம்! அவலோகிதர் என்னும் போதிசத்துவர், பௌத்தத்தோடு இந்தியாவிலிருந்து சீனா போனார். அங்கே சில நூற்றாண்டுகளில் மக்களின் அன்பு அவரைத் தாயாக மாற்றிவிட்டது. அவலோகிதர் உறைவதாகச் சொல்லப்படும் போதலகம் என்னும் மலை தென்னாட்டில் இருப்பதாக, 7-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்து காஞ்சிபுரம் வரை பயணம் செய்த சீனத் துறவி சுவான்சாங் எழுதிவைத்தார். அது நம் பொதிகை மலையே என்பது சில ஆய்வாளர்களின் முடிவு. 11-ஆம் நூற்றாண்டில் தோன்றிய வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கண நூல், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதரிடம் என்று சொல்கிறது. அகத்தியருக்குத் தமிழ் சொன்னவராகப் போற்றப்பட்டவர்தான் உங்கள் பட்டணத்துச் சீனக் கோயிலில் அம்மனாக நிற்கிறார் என்றால், அடுத்த முறை அந்த வாசலைத் தாண்டும்போது சும்மா போவீர்களா?

சீனர்கள் அவளுக்குத் தங்கள் மண்ணிலேயே ஒரு பிறப்பும் கொடுத்தார்கள். அரசனின் மூன்றாம் மகள் மியாவ்சான். மணம் வேண்டாம், தவம் வேண்டும் என்கிறாள். சினந்த தந்தை அவளைக் கொல்லவே ஆணையிடுகிறான். தெய்வ அருளால் தப்பி மலையில் தவம் செய்கிறாள். பல ஆண்டுகள் கழித்து அரசனுக்குக் கொடிய நோய். கோபமே இல்லாத ஒருவர் தாமாகக் கொடுக்கும் கண்களும் கைகளும்தான் மருந்து என்கிறார்கள். மலைமேல் இருக்கும் பெண்துறவி தயங்காமல் கொடுத்துவிடுகிறாள். பிழைத்த அரசன் நன்றி சொல்லப் போகிறான். கண்ணும் கையும் இன்றி அமர்ந்திருப்பவள் தன் மகள்! அவன் கதறியபோது அவள் ஆயிரம் கைகளோடு எழுந்தாள் என்கிறது கதை. கண்ணைப் பெயர்த்து அப்பிய நம் கண்ணப்பரை நான் சொல்லாமலே நினைத்திருப்பீர்கள். கண்ணப்பர் அன்பு செய்த இறைவனுக்குக் கொடுத்தார். இவள் தன்னைக் கொல்லச் சொன்னவனுக்குக் கொடுத்தாள்.

இன்னொருவர் நளகூபரன். குபேரனின் மகன். மது மயக்கத்தில் மரியாதை மறந்ததால், தம்பி மணிக்கிரீவனோடு நாரதரின் சாபம் பெற்று மருத மரங்களாய் நின்றவன். உரலில் கட்டுண்ட குட்டிக் கண்ணன் இழுத்து வந்தபோது இரு மரங்களும் முறிந்து சாபம் தீர்ந்தது. இந்தக் கதையை நம் பிள்ளைகள் அறிவார்கள். அதே குபேரன் பௌத்தத்தோடு சீனாவுக்குப் போய் வடதிசைக் காவலரானார். பின்னர் கையில் கோபுரம் ஏந்திய சீனத் தளபதி லீ ஜிங்காக உருமாறினார். அவரோடு மகனும் போனான். நளகூபரன் என்ற நீண்ட பெயர் சீன நாவில் தேய்ந்து நாஜா ஆயிற்று.

நாஜா கதை நம் கதையிலிருந்து வெகுதூரம் போய்விட்டது. தாய் வயிற்றில் மூன்றரை ஆண்டுகள் இருந்து, தசை உருண்டையாய்ப் பிறக்கிறான். தந்தை வாளால் வெட்ட, உள்ளிருந்து சிறுவன் குதிக்கிறான். ஏழு வயதில் கடலில் குளிக்கும்போது கடலரசனின் மாளிகையே ஆட்டம் காண்கிறது. சண்டைக்கு வந்த அவன் மகனைக் கொன்றுவிடுகிறான். கடலரசர்கள் பெற்றோரைப் பழிவாங்க வந்தபோது, "என் குற்றத்துக்கு இவர்கள் ஏன் சாக வேண்டும்? தந்த உடலைத் தந்தவர்களுக்கே திருப்பித் தருகிறேன்" என்று தன் தசையையும் எலும்பையும் அறுத்துக் கொடுத்து மடிகிறான். குருநாதர் தாமரையால் அவனுக்குப் புதிய உடல் செய்து உயிர் கொடுக்கிறார். நெருப்புச் சக்கரங்கள் மேல் நிற்கும் சிறுவன் சிலையைக் கண்டால் அது நாஜா என்று அறிக. 2025-இல் இவனைப் பற்றி வந்த ஒரு கேலிச்சித்திரப் படம், உலகில் அதுவரை வந்த கேலிச்சித்திரப் படங்கள் எல்லாவற்றையும் வசூலில் முந்தியது. நம் மருத மரத்துப் பிள்ளை எங்கே போய்விட்டான் பாருங்கள்!

சுவான்சாங்குக்குத் துணையாகப் போகும் குரங்கு வீரன் சுன் வூகோங்கும் நம் அனுமனும் ஒருவரே என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஹூ சி என்ற சீன அறிஞர் அப்படித்தான் கருதினார். லூ சுன் என்ற மற்றோர் அறிஞர், இல்லை, அது சீனத்து நீர்ப்பூதக் கதையிலிருந்து வந்தது என்று மறுத்தார். வழக்கு இன்னும் தீரவில்லை. என் கருத்தைக் கேட்டால், அனுமன் தொண்டன், வூகோங் குறும்பன். மேலுலகத்துப் பீச் பழங்களைத் திருடித் தின்றவனை அனுமன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கதைகள் நடந்து போன பாதையில் தமிழர்களும் நடந்தார்கள். சீனத்தின் ஃபூஜியன் மாநிலத்தில் சுவான்சோ என்னும் துறைமுகத்தில் 1281-ஆம் ஆண்டு பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கீழே சீன எழுத்தும் உண்டு. அங்கே தமிழ் வணிகர் சிவனுக்குக் கோயில் எடுத்திருந்தனர். அந்நகரின் புகழ்பெற்ற காய்யுவான் பௌத்தக் கோயிலில் கண்ணனும் நரசிம்மரும் செதுக்கிய தூண்கள் இன்றும் நிற்கின்றன. பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நம் நாட்டு அம்மன் சிலை ஒன்றைக் குவான் இன் என்றே நம்பி மக்கள் வழிபடுகிறார்கள். நம் நாட்டில் ஹொக்கியன் பேசும் சீனர்களின் முன்னோர் வந்தது அதே ஃபூஜியனிலிருந்துதான். ஆக, இந்தப் பழக்கம் தோட்டத்துக் கடையில் தொடங்கியது அல்ல.

மரத்தடியில் ஒரு பக்கத்து வீட்டுக்காரர்

எல்லாக் கதைகளும் கப்பலேறி வந்தவை என்றும் நினைத்துவிடாதீர்கள். இங்கேயே முளைத்ததும் உண்டு. செம்பனைக் காட்டு ஓரத்தில், பெரிய மரத்தடியில், முழங்கால் உயரச் சிவப்புக் குடில் பார்த்திருப்பீர்கள். உள்ளே சொங்கோக் தொப்பி போட்ட ஒரு பெரியவர். அவர்தான் டத்தோ கோங், இந்த மண்ணின் காவலர். சீனர்கள் அவரை மலாய்ப் பெரியவராகவே பாவிக்கிறார்கள். வெற்றிலை பாக்கு, சுருட்டு, பூ, சாம்பிராணி வைப்பார்கள்; பன்றி இறைச்சியை மட்டும் அருகே கொண்டுபோக மாட்டார்கள். அவருக்கு என்ன பிடிக்காது என்று யோசித்து வைக்கிறார்கள்! காட்டை அழித்துப் பயிர் செய்ய வந்தவர்கள், ஏற்கனவே இருப்பவரிடம் அனுமதி கேட்ட கதை அது. நாம் காட்டோரம் முனீஸ்வரனுக்குக் கல் நட்டதும் அதே பயத்தில், அதே மரியாதையில்தானே? சில இடங்களில் இருவரும் கூப்பிடு தூரத்தில் நிற்கிறார்கள். சுருட்டும் ஒரே கடைச் சுருட்டுதான்.

இவற்றையெல்லாம் நான் வகுப்பில் சொல்லத் தொடங்கியபின் பிள்ளைகள் கடைக்குப் போனால் தவுக்கேயைச் சும்மா விடுவதில்லை. "இது யாரு, அது யாரு?" என்று நச்சரிக்கிறார்கள். அவருக்கோ ஒரே பூரிப்பு. "என் பேரப்பிள்ளைங்க கோலாலம்பூருல இருக்கு. இதெல்லாம் கேக்கவே மாட்டாங்க டீச்சர். உங்க பிள்ளைங்கதான் கேக்குது" என்றார். பதிலுக்கு ஒருநாள், நம் கோயிலில் மீசையும் வாளுமாய் நிற்கும் மதுரை வீரன் யார், அவனை ஏன் கொன்றார்கள் என்று எங்கள் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார். ஒருவருக்கும் தெரியவில்லை. மறுநாள் ஓடி வந்து என்னைக் கேட்டார்கள். நான் பாதிதான் சொன்னேன். மீதியைத் தெரிந்துகொள்ள, காய்ச்சல் கண்ட அந்தப் பையனின் பாட்டியிடம் போக வேண்டியிருந்தது.

பாட்டி கதையை முழுசாகச் சொன்னார். சொல்லி முடித்ததும் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய பெரியப்பா ஒருவர் 1943-இல் சயாமுக்குப் போனவராம். திரும்பவில்லை. கல்யாணம் ஆகாதவர். எந்த நாளில் இறந்தார் என்று தெரியாததால் வீட்டில் ஒருபோதும் அவருக்குப் படையல் வைத்ததில்லையாம்.

இந்த ஆண்டும் ஏழாம் மாதம் வந்தது. ஒரு மாலை, பள்ளி முடிந்ததும் அந்தப் பையன் ஒரு பிளாஸ்டிக் பையோடு கடைப் பக்கம் போவதைப் பார்த்தேன். என்னடா என்று நிறுத்திக் கேட்டேன். பையைத் திறந்து காட்டினான். மூன்று ஆரஞ்சுப் பழம், ஒரு கட்டு ஊதுபத்தி.

"பாட்டி குடுத்துச்சு டீச்சர். தவுக்கே ரோட்டுல வைக்கும்போது இதையும் சேர்த்து வைக்கச் சொல்லணுமாம்."